கிணற்றடிப் பாசிக்கு ஆசிட் வேண்டாம்

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பின்கட்டில் அப்பா காலத்தில் போட்ட சிமெண்ட் தளம், சுமார் பன்னிரண்டுக்கு இருபது அடி. அதைத் தாண்டினால் கிணற்றைச் சுற்றித் தாத்தா காலத்துச் செங்கல் தளம். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டிலும் பாசி ஏறிவிட்டது. குழாயடியிலிருந்து சாக்கடை வரை ஒரு பச்சை வரி மட்டும் சித்திரை வெயிலிலும் போவதில்லை. போன மாதம் அம்மா (வயது 71) வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல். கொத்தனார், “ரெண்டு கேன் ஆசிட் ஊத்தினா பளிச்சுன்னு ஆயிடும்” என்கிறார். எதிர்வீட்டு அக்கா, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் ஒரு வருஷத்துக்குப் பாசியே வராது என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, பிரஷர் வாஷர் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். செங்கலில் அங்கங்கே வெள்ளையாகவும் பூத்திருக்கிறது. பைக் நிறுத்தும் இடத்தில் ஆயில் கறை, இரும்பு நாற்காலி கிடந்த இடத்தில் துருக்கறை. யார் பேச்சைக் கேட்பது?

– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் எதிர்வீட்டு அக்காவின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் சேர்க்கக் கூடாது. ஒரே தளத்தில் அடுத்தடுத்துக் கொட்டவும் கூடாது. இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழும். பின்கட்டு திறந்த இடம்தானே என்று நினைக்காதீர்கள். சுற்றிலும் மதில், குனிந்து தேய்க்கிறவரின் மூக்கோ தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் குளியலறைத் தரையில் சிந்திய சிமெண்ட் கறையை எடுக்க ஒரு பையன் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். நெடி தாங்கவில்லை என்று இன்னொருவர் நல்லெண்ணத்தில் ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி அதன்மேல் போட்டார். இளம் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை வாசற்படி உயரத்துக்கு எழுந்தது. பையன் எப்படியோ வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். இருமல் நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். இரண்டு பொருளையும் ஒரே மூலையில் வைக்க விட்டது என் தப்பு. அன்றிலிருந்து நான் பார்க்கும் எந்த வேலையிலும் இரண்டும் ஒரே நாளில் இருப்பதில்லை.

கழிவறை கழுவும் திரவங்களிலும் பெரும்பாலும் அமிலம்தான் இருக்கிறது, அதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, வினிகர்கூட இந்தக் கணக்கில் அமிலமே. நாய் சிறுநீர் கழிக்கும் மூலை இருந்தால் அங்கே வெறும் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகுதான் பிளீச்சிங் தண்ணீர் படலாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தாலும் நச்சு வாயு வரும்.

அடுத்து கொத்தனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கவும் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பளிச் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடையில் ஆசிட் என்று கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்ட் தளத்தில் ஊற்றியதும் சுர்ரென்று நுரை பொங்கும். அழுக்கு கரைகிறது என்று நமக்குத் திருப்தியாக இருக்கும். உண்மையில் அந்த நுரை, சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புப் பொருள் அமிலத்தில் கரையும்போது வெளிவரும் கரியமில வாயு. கரைவது உங்கள் அப்பா போட்ட தளம். மேலே கரணையால் இழைத்த வழவழப்பான சிமெண்ட் பால் போய், அடியிலுள்ள மணல் தலைகாட்டும். காய்ந்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி இருக்கும். அந்தச் சொரசொரப்பில் ஈரமும் தூசியும் தங்கும், அடுத்த ஐப்பசியில் பாசி முன்னைவிட அடர்த்தியாகப் பிடிக்கும். மறுபடி ஆசிட். மூன்று, நான்கு வருஷம் இப்படி ஓடினால் ஜல்லி தெரிய ஆரம்பிக்கும். அப்போது அதே கொத்தனார், “தளம் போயிடுச்சு, புதுசா போட்டுடலாம்” என்பார்.

மண்மேல் போட்ட தளத்தில் கம்பி இருக்காது, அதனால் கெடுதல் தேய்மானத்தோடு நிற்கும். மொட்டை மாடியில் இதையே செய்தால் அமிலம் விட்டுப்போகும் குளோரைடு விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பாசிக்கென்று மாடியில் ஆசிட் ஊற்றிய வீடுகளில் சில வருஷம் கழித்து உட்கூரைக் காரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாங்குகிறவரின் அடையாளச் சான்றைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் கடைக்காரர் தர வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தரவே கூடாது. ஆனால் இன்றைக்கும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தெருவில் விற்பதைப் பார்க்கிறோம். அப்படி ஒரு பாட்டில் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்தால் அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். தாகத்தில் எடுத்துக் குடித்தவர்கள் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? தளத்தில் இருப்பதெல்லாம் ஒரே அழுக்கு இல்லை என்பதிலிருந்து ஆரம்பிப்போம். தரை காய்ந்திருக்கும் ஒரு காலையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். பச்சை என்றால் பாசி, சந்தேகமே இல்லை. கறுப்பாக இருப்பதில்தான் ஏமாந்துபோவோம். அது காய்ந்துபோன பாசியாகவும் பூஞ்சையாகவும் இருக்கலாம், டயர் தடமாகவும் இருக்கலாம். பிளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். வெளுத்தால் அது உயிருள்ள சமாச்சாரம். அப்படியே இருந்தால் எண்ணெய், கரி, டயர். வெள்ளைத் திட்டின்மேல் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. கடைசியாக, செங்கல்களுக்கு நடுவே உள்ள காரையை ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து வந்தால் அது பழைய சுண்ணாம்புக் காரை. உங்கள் தாத்தா காலம் என்றால் அநேகமாக அப்படித்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் கீறலே விழாமல் நின்றால் பிற்பாடு யாரோ சிமெண்ட் கலவையில் பாயிண்டிங் செய்திருக்கிறார்கள்.

இனி சிமெண்ட் தளம். இருநூற்று நாற்பது சதுர அடிக்குப் பத்து லிட்டர் கரைசல் போதும். கடையில் புதிதாக உடைத்த பையிலிருந்து முந்நூறு கிராம் பிளீச்சிங் பவுடர் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் போன வருஷத்துப் பொட்டலம் இருந்தால் நம்ப வேண்டாம், திறந்து வைத்த பவுடரில் வீரியம் போய்விடும். பிளாஸ்டிக் பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர் பிடித்து, வெளியில் வைத்து, தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கலக்குங்கள். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று கணக்கு. லிட்டருக்கு முப்பது கிராம் போட்டால் கரைசலில் ஒரு சதவீதம் நிற்கும், பாசிக்கு அது தாராளம். கூடப் போட்டால் கூடுதலாக வெளுக்கும் என்று கை தாராளமாகப் போகும். வேண்டாம், நெடிதான் கூடும்.

அரைமணி நேரம் மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் இன்னொரு பக்கெட்டில் இறுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. பவுடரை அப்படியே தளத்தில் தூவித் தண்ணீர் அடிக்கிறார்கள், அப்புறம் தளம் முழுக்க வெள்ளைப் படலம் படிந்துவிட்டது என்று அதை எடுக்க ஆசிட் வாங்கப் போகிறார்கள். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பயணத்தில்தான்.

கரைசல் தெளிகிற நேரத்தில் தளத்தைத் தயார் செய்யலாம். கெட்டியாகப் படிந்த பாசியை லேசாக நனைத்து, மரப்பலகைத் துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழித்தெடுங்கள். காயவைத்துப் பெருக்கினால் தூளாகப் பறந்து மூக்கில் ஏறும். வழித்ததைக் குப்பைக்குழியில் போடுங்கள், சாக்கடையில் தள்ளினால் அங்கே அடைக்கும். கறிவேப்பிலை, வாழை, துளசி எது பக்கத்தில் இருந்தாலும் வேர்மண்ணையும் இலையையும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண் மருந்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது.

பிறகு மழைநீர்க் குழி. 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைத்தாயிற்று. பின்கட்டுத் தண்ணீர் அந்தக் குழிக்கோ நேராகக் கிணற்றுக்கோ போகிற மாதிரி குழாய் வைத்திருப்பார்கள், வைத்ததை மறந்தும் போயிருப்பார்கள். வேலை ஆரம்பிக்கும் முன் அந்த வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பழந்துணியைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். நாம் குடிக்கிற, குளிக்கிற தண்ணீர் அது. வேலை முடிந்ததும் அடைப்பை எடுக்க மறந்தால் அடுத்த மழைக்குப் பின்கட்டு குளமாகிவிடும், ஆகவே அந்தத் துணியின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு தெரியட்டும்.

நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். உச்சி வெயிலில் கரைசல் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், குளோரினும் வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும். ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணை மூடுகிற மாதிரி பிளாஸ்டிக் கண்ணாடி, வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற துணி. ஸ்பிரேயர் வேண்டாம், அந்தச் சாரல் நெஞ்சுக்குள் போகும். செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளி நல்லது. வெளியேறும் வழிக்கு எதிர்மூலையில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்துகொண்டே வாருங்கள், வழுக்குகிற இடத்தின்மேல் நீங்கள் நிற்க வேண்டியிருக்காது. இருபது நிமிஷம் ஈரம் காயாமல் ஊறட்டும். பச்சை பழுப்பாக மாறி, பிறகு வெளிறும். அப்போது நீண்ட கைப்பிடி போட்ட பிளாஸ்டிக் பிரஷால் தேய்த்து, ஏராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். முரட்டுத் தென்னை விளக்குமாறு இருந்தால் அதுவே போதும். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம். அதிலிருந்து ஒடியும் கம்பித்துணுக்குகள் தளத்தின் துளைகளில் சிக்கி, ஒரு மாதம் கழித்துத் தளம் முழுக்கத் துருப் புள்ளி வைக்கும். கறுப்புத் திட்டு ஒரே தடவையில் போகாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தடவை. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மேலே தெறித்தால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, பதினைந்து இருபது நிமிஷம் கழுவிய பிறகுதான் டாக்டரிடம் ஓட வேண்டும். எலுமிச்சம்பழம், பால், வேறு எந்த வைத்தியமும் இடையில் வேண்டாம். நெடியில் மூச்சு அடைத்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிமெண்ட் தளத்துக்குச் சொன்னதைச் செங்கலுக்கு அப்படியே செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்ததே அந்தச் செங்கல் தளம்தான். சூளையில் வெந்த நாட்டுச் செங்கலுக்கு மேலே மெல்லியதாக ஒரு தோல் உண்டு. நெருப்பு நேரடியாகப் பட்டு இறுகிய தோல். அது இருக்கும்வரை செங்கல் நூறு வருஷம் நிற்கும். அது உரிந்துவிட்டால் உள்ளே இருப்பது கொஞ்சம் மென்மையான மண்தான், ஒவ்வொரு மழைக்கும் கரைந்து குழிவிழும். நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிடவும் மென்மை. ஆசிட் அதைச் சர்க்கரை மாதிரி கரைக்கும்.

பிரஷர் வாஷரும் அங்கே ஆகாது. தம்பியின் அன்பு புரிகிறது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் இயந்திரங்கள் நூறு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் அழுத்தம் தருகின்றன. நாம் வண்டிச் சக்கரத்துக்கு அடிக்கும் காற்றைவிடப் பல மடங்கு. பட்டையான விசிறி நாசில் போட்டு, ஓர் அடி தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசினால் நல்ல சிமெண்ட் தளம் தாங்கும். பழைய செங்கலில் அடித்தால் காரை முழுக்கத் துப்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். நாச்சியார்கோயில் பக்கம் ஒரு வீட்டில் அரைமணி நேரத்தில் ஒரு தாழ்வாரத்தையே இப்படிக் காலிசெய்ததைப் போய்ப் பார்த்தேன். செங்கல் சுத்தமாகத்தான் இருந்தது, தொட்டால் பல் மாதிரி ஆடியது. வாங்கித்தான் அனுப்புவான் என்றால் சிமெண்ட் தளத்துக்கும் மதிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை நாசிலைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே குண்டூசிக் குத்துப் போலத்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். விளையாட்டாகக்கூடக் காலை நீட்டிக் கழுவக் கூடாது. மின்கசிவில் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் அதை மாட்டவும் வேண்டாம், ஈரத்தரையில் நின்று செய்கிற வேலை.

செங்கலுக்கு என்னதான் வழி? வெந்நீர். நம்புங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரைச் சின்னச் சின்னப் பகுதியாக ஊற்றினால் பாசி வெந்து செத்துவிடும். ஆறிய பிறகு தேங்காய் நார் கொண்டோ மென்மையான பிரஷ் கொண்டோ தேய்த்தால் வந்துவிடும். கிணற்றடி நூறு சதுர அடி இருக்குமா? மூன்று நாள் சாயங்காலம் ஆகும். சுமந்து வரும்போது பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டாம், வழியில் குழந்தைகளும் அம்மாவும் குறுக்கே வர வேண்டாம். அதற்கும் போகாத இடத்துக்கு மட்டும் முன்னே சொன்ன பிளீச்சிங் கரைசலில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து உபயோகிக்கலாம். அதற்கு முன் செங்கலை வெறும் தண்ணீரால் குளிரக் குளிர நனைத்துவிட வேண்டும், கிணற்றையும் பலகையும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், செங்கல் குடிக்கிற பொருள். சலவை சோடா, துணி சோப்புத்தூள், பிளீச்சிங் எதை ஊற்றினாலும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். காயும்போது அது உப்பாகத் திரும்பி வெளியே வரும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூச்சு அந்த வகைதான். மண்ணிலோ செங்கலிலோ இருக்கிற உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு ஆவியாகிறது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போய், அடுத்த வாரம் திரும்ப வரும். நன்றாகக் காய்ந்த நாளில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் வாரி வெளியே எறிந்துவிடுங்கள். சில தடவை செய்தால் குறைந்துவிடும். குறையவே இல்லை என்றால் அடியில் எங்கோ தண்ணீர் ஊறுகிறது, அதைத் தேட வேண்டும்.

கல்லுப்பைத் தூவினால் சந்துகளில் முளைக்கும் புல் செத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். செத்துவிடும்தான், அந்த உப்பைச் செங்கல் வாழ்நாள் முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். குளத்துப் பாசிக்குப் போடும் மயில்துத்தமும் வேண்டாம், அது விஷம், நீலக்கறையும் விழும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பழைய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் புல் வேரோடு வரும். கிணற்றுச் சுவரில் அரசங்கன்று இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இரண்டு இலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

கழுவி முடித்துச் செங்கல் இரண்டு வாரம் காய்ந்த பிறகு, காரை போன சந்துகளை நிரப்பச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவையில்தான். கொத்தனார் சிமெண்ட் போடுகிறேன் என்பார், அது சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் சிமெண்ட் செங்கலைவிடக் கெட்டி. ஈரம் காரை வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறும், செங்கலின் ஓரம் உதிரும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பிடிவாதமாக இருக்கலாம். மேலே பளபளவென்று சீலர், பெயிண்ட் எதுவும் அடிக்க வேண்டாம். அடியிலிருந்து வரும் ஈரத்தை அது அடைத்து, ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உரியும். நனைந்தால் பாசியைவிட மோசமாக வழுக்கும்.

ஆயில் கறைக்கு, புதியது என்றால் மேலே மரத்தூளோ கோலமாவோ கொட்டி இரவு முழுக்க விட்டுப் பெருக்கிவிடுங்கள். பழையது என்றால் சலவை சோடாவையும் சலித்த மண்ணையும் தண்ணீரில் குழைத்து அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருநாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, காய்ந்ததும் சுரண்டினால் கறையின் பெரும்பகுதி அதோடு வந்திருக்கும். மிச்சம் ஒரு நிழல் மாதிரி தெரியும். அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும், பைக் நிற்கிற இடம்தானே.

துருக்கறைக்கு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துப் பத்து நிமிஷத்தில் கழுவிவிடலாம். இது அமிலம் என்பதை மறக்க வேண்டாம். பிளீச்சிங் வேலை முடிந்து, நன்றாக அலசிக் காய்ந்து, சில நாள் கழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கிணற்றடிச் செங்கலில் இருக்கும் துருவை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பச்சை வரி. வாசலில் தினமும்தான் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோம், அங்கே பாசி பிடிப்பதில்லை. வெயில் படுகிறது, ஆள் நடக்கிறார்கள், ஒன்பது மணிக்குள் காய்ந்துவிடுகிறது. பின்கட்டில் ஈரமும் நிழலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கெட் தண்ணீரைத் தளத்தின் மேட்டுப்பக்கம் கொட்டி, எங்கெங்கே தேங்குகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். பத்தடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. கோடு போட்ட குழிகளை மட்டும் கொத்தி, பழைய தளத்தோடு ஒட்டுவதற்கான லேடெக்ஸ் திரவம் சேர்த்த சிமெண்ட் கலவையால் நிரப்பி, வழவழவென்று இழைக்காமல் விளக்குமாற்றுக் கோடு போடச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு நீங்கள் தர வேண்டிய வேலை அதுதான். மேலே கவிந்திருக்கும் மரக்கிளை ஒன்றிரண்டைக் கழித்துப் பத்து மணி வெயில் தளத்தில் விழுகிற மாதிரி செய்தால் பாதிப் பாசி தானாக அடங்கும். வருஷத்தில் இரண்டு தடவை, புரட்டாசியில் மழைக்கு முன்பும் தை மாதம் மழை ஓய்ந்த பிறகும், கரைசல் போட்டுத் தேய்த்தால் போதும்.

இதெல்லாம் முடியும்வரை அம்மாவைப் பின்கட்டுக்கு விடாதீர்கள். விடமாட்டேன் என்றால் கேட்கமாட்டார் என்று தெரியும். என் அம்மாவும் கேட்டதில்லை. குழாயடிக்குப் போகிற வழியில் மூன்றடி அகலத்துக்கு ஆற்றுமணலைத் தூவி வையுங்கள், சுவரோரம் கைப்பிடிக்க ஒரு ஜி.ஐ. குழாய் அடித்துவிடுங்கள். கயிற்று மிதியடி போடலாம் என்று தோன்றும். ஈரத்தில் அது அடியிலேயே பாசி வளர்க்கும், வேண்டாம்.

குழாயடியிலிருந்து சாக்கடை வரை வெயில் காலத்திலும் பச்சை வரி மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுகிறது. பவுடர் வாங்கக் கடைக்குப் போகும்போது அதற்கு ஒரு வாஷரும் வாங்கிக்கொண்டு வாருங்கள். முதலில் அதை மாற்றுங்கள்.